பாண்டிச்சேரிக்கு எத்தனை சுதந்திர தினம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் 16 அன்னிக்கு எங்க ஊர்ல லீவுன்னு சொன்னா சென்னையில இருக்கற ஃப்ரெண்ட்ஸ் நம்பவே மாட்டேங்கறாங்க, "டேய் நேத்துதானடா சுதந்திர தினம், மறுநாளும் என்ன"ன்னு கேட்டு சிரிக்கறாங்க. அப்புறம் நவம்பர் 1ம் லீவுன்னு தெரிஞ்சதும் பொறாமைல இன்னும் நாலு கேள்வி வரும். ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி அலுத்துப்போய் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

சுருக்கமா சொல்லுங்க, பாண்டிச்சேரிக்கு எப்போதான் சுதந்திரம் கிடைச்சுது?

ஒரே தேதி கேட்டா சொல்ல முடியாது, அதான் பிரச்சனையே. 1954 நவம்பர் 1ல நிர்வாகம் கை மாறுச்சு. 1956 மே 28ல பிரான்ஸும் இந்தியாவும் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க. 1962 ஆகஸ்ட் 16லதான் அந்த ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்துச்சு. முதல் தேதிக்கு டி ஃபாக்டோன்னு பேரு, அதாவது நடைமுறையில மாறியாச்சு, கடைசி தேதிக்கு டி ஜூரே, அதாவது பத்திரப்படி மாறியாச்சு. வீடு வாங்கினவங்களுக்கு இது ஈஸியா புரியும், அட்வான்ஸ் குடுத்து சாவி வாங்கி குடி போயாச்சு, ஆனா ரிஜிஸ்ட்ரேஷன் எட்டு வருஷம் கழிச்சுதான் நடந்துச்சு.

1947லயே பிரிட்டிஷ்காரன் போயிட்டானே, இவங்களுக்கு மட்டும் என்ன கேடு?

பிரிட்டிஷ்காரன் எடுத்த முடிவு பிரான்ஸை கட்டுப்படுத்தாது இல்லையா. அப்போ பிரெஞ்சு இந்தியான்னா பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்துல சந்தர்நாகூர், ஆக அஞ்சு ஊரு. இது போக மசூலிப்பட்டினம், கோழிக்கோடு, சூரத் மாதிரி இடங்கள்ல பழைய பண்டகசாலை நிலங்கள் துக்கடா துக்கடாவா இருந்துச்சு. அந்த துக்கடாக்களை 1947 அக்டோபர்லயே சத்தமில்லாம இந்தியாகிட்ட குடுத்துட்டாங்க. அஞ்சு ஊர் விஷயம் வேற, அங்க ஓட்டு இருக்கு, பாரிஸ் பார்லிமெண்ட்டுக்கு எம்பி போறாரு, காகிதத்துல அது பிரான்ஸோட ஒரு துண்டு.

இதுல ஒரு சட்ட முடிச்சு இருக்கு, பின்னாடி நடந்த எல்லாத்துக்கும் அதுதான் சாவி, அதனால கொஞ்சம் கவனிச்சு படிங்க. பிரான்ஸோட 1946 அரசியல் சாசனத்துல 27வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அங்க வாழற ஜனங்களோட சம்மதம் இல்லாம எந்த நிலத்தையும் வேற நாட்டுக்கு குடுத்தா அது செல்லாது. இது ஏதோ சாக்குக்கு சொன்னது கிடையாது, நிஜமாவே எழுதியிருக்கு. ஆனா "ஜனங்களோட சம்மதம்"னா எப்படி கேக்கணும், யாரைக் கேக்கணும்னு எழுதல. ஏழு வருஷ பேச்சுவார்த்தை முழுக்க அந்த ஒரு வார்த்தையை எப்படி அர்த்தப்படுத்திக்கறதுங்கற சண்டைதான்னு நான் சொல்லுவேன்.

அப்போ ஓட்டெடுப்பு வச்சு முடிச்சிருக்கலாமே?

அப்படித்தான் ஒத்துக்கிட்டாங்க. 1948 ஜூன்ல ரெண்டு அரசாங்கமும் சேர்ந்து அறிவிச்சது, ஜனங்களே வாக்கெடுப்புல முடிவு பண்ணட்டும், தேதியும் முறையும் அந்தந்த ஊர் முனிசிபல் கவுன்சில் பேசி சொல்லட்டும்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த கவுன்சிலுக்கே முதல்ல தேர்தல் வைக்கணும், அந்த தேர்தல் 1948 அக்டோபர்ல நடந்துச்சு, பிரான்ஸ் பக்கம் சாய்ஞ்ச சோஷலிஸ்ட் கட்சி பாண்டியிலயும் காரைக்கால்லயும் அள்ளிடுச்சு. அடிதடி, மிரட்டல், கள்ள ஓட்டுன்னு புகாருக்கு குறைவே இல்ல. மாஹேல தேர்தலுக்கு முன்னாடியே ஐ.கே. குமரன் தலைமையில ஜனங்க நிர்வாகத்தை கையில எடுத்துட்டாங்க, சில நாள்ல பிரெஞ்சு கப்பல் வந்து திரும்ப பிடிச்சுக்கிச்சு.

1951ல சர்வதேச நீதிமன்றம் மூலமா வெளிநாட்டு பார்வையாளர்கள் வந்து பாத்தாங்க. இப்போ இருக்கற நிலைமையில சுதந்திரமான வாக்கெடுப்பு நடக்க வாய்ப்பில்லைங்கற மாதிரி ரிப்போர்ட் குடுத்துட்டு போனாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு 1952ல நேரு அரசாங்கம் "வாக்கெடுப்பு ஒப்பந்தமே இனி இல்ல, நேரா ஒப்படைங்க"ன்னு சொல்லிடுச்சு.

இங்க ஒரு உண்மையை ஒளிக்காம சொல்லணும். இந்தியாவுக்கும் வாக்கெடுப்பு மேல பெரிய ஆசை இருந்த மாதிரி தெரியல. தோத்துட்டா? காஷ்மீர் விஷயத்துல வேற அந்த வார்த்தையை சொல்லிட்டு முழிச்சுக்கிட்டு இருந்த நேரம் அது. பிரான்ஸ் ஜெயிப்போம்னு நினைச்சப்போ ஓட்டு கேட்டுச்சு, இந்தியா ஜெயிப்போமான்னு சந்தேகப்பட்டப்போ ஓட்டு வேணாம்னுச்சு, அவ்ளோதான்.

சந்தர்நாகூர்ல மட்டும் எப்படி ஓட்டெடுப்பு நடந்துச்சு?

அங்க முடிவு என்னன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், கல்கத்தாவுக்கு பக்கத்துல இருக்கற வங்காளி ஊரு. 1949 ஜூன் 19ல 7,473 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, 114 பேர் வேணாம்னாங்க. 1950 மே மாசம் நிர்வாகம் மாறுச்சு, 1952ல சட்டப்படியும் மாறிடுச்சு. அந்த நம்பரைப் பாத்துட்டுதான் பிரான்ஸ் மத்த நாலு ஊர்ல அவசரப்படலன்னு நினைக்கறேன்.

சரி, பாண்டிக்காரங்களுக்கே பிரான்ஸ் மேல ஆசையா? சுதந்திர போராட்டமே நடக்கலையா?

நடக்காம என்ன. 1936 ஜூலை 30ல சவானா மில் தொழிலாளிங்க மேல பிரெஞ்சு போலீஸ் சுட்டதுல 12 பேர் செத்தாங்க, அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி நின்னவர் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா. ஆனா எல்லாரும் ஒரே பக்கம்னு சொன்னா அது பொய். பிரெஞ்சு ராணுவத்துல, வியட்நாம் சைகோன்ல இருந்த பிரெஞ்சு ஆபீஸ்கள்ல வேலை பாத்து பென்ஷன் வாங்கற குடும்பங்க இருந்துச்சு, பாண்டியில அவங்களை சொல்தான்னு சொல்லுவாங்க. அந்த வீட்டுக்கு மாசாமாசம் சோறு பாரிஸ்லேர்ந்து வருது, அவங்க பயந்ததுல என்ன தப்பு இருக்கு. வியாபாரிங்க கணக்கு தனி, பாண்டித் துறைமுகத்துல வெளிநாட்டு சரக்கு மலிவு, அதை வேலி தாண்டி இந்திய பக்கம் கடத்தினா லாபம்.

வேலியா? பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல எல்லை இருந்துச்சா?

இருந்துச்சு, அதுவும் சாதாரண எல்லை இல்ல. இன்னிக்கும் விழுப்புரத்துலேர்ந்து பாண்டிக்கு பஸ்ல வந்தா பாருங்க, வளவனூர் வரைக்கும் தமிழ்நாடு, மதகடிப்பட்டு வந்தா புதுச்சேரி, திருபுவனை தாண்டி கண்டமங்கலம் வந்தா திரும்ப தமிழ்நாடு, அரியூர்ல மறுபடி புதுச்சேரி. ஒயின்ஷாப் போர்டை வச்சே எந்த ஊர்ல இருக்கோம்னு சொல்லிடலாம். ஒரு மணி நேரம்கூட ஆகாத பஸ்ல இத்தனை தடவை எல்லை மாறுது. இப்போ இது ஜோக். 1949ல இந்தியா சுங்கத் தடுப்பு போட்டு ஒவ்வொரு எல்லையிலயும் ஆளை நிறுத்தினப்போ ஜோக்கா இருந்திருக்காது. அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா சுங்க ஏற்பாடு இருந்துச்சு, அதை இந்தியா முடிச்சுக்கிச்சு. நிலம் ஒரு பக்கம், களத்துமேடு இன்னொரு பக்கம், பொண்ணு குடுத்த ஊர் மூணாவது பக்கம்னு இருக்கற குடும்பத்துக்கு நெல்லு மூட்டை எடுத்துட்டு போறதே கடத்தல் ஆயிடுச்சு. அப்புறம் பெர்மிட் முறை வேற வந்துச்சு. 1954ல அதை இன்னும் இறுக்குனாங்க. டெல்லியிலயும் பாரிஸ்லயும் கோட்டு போட்டுக்கிட்டு பேசினதை விட இந்த எல்லையில சரக்கை நிறுத்தினதுதான் பாண்டி அரசியல்வாதிங்க மனசை சீக்கிரம் மாத்துச்சுன்னு என் கட்சி.

குபேர் யாரு? பீச் ரோடுக்கு அவர் பேரு இருக்கே, தியாகியா?

எதுவர் குபேர். ஐரோப்பிய வம்சம் கலந்த பாண்டிக்காரர், பிரெஞ்சு இந்தியா சோஷலிஸ்ட் கட்சியோட பெரிய கை, 1951லேர்ந்து பாரிஸ் பார்லிமெண்ட்ல எம்பி. அதுவரைக்கும் பிரான்ஸோட தூண் மாதிரி இருந்தவர், 1954 மார்ச்ல ஒரே தாவா இந்தியா பக்கம் வந்துட்டார். மார்ச் 18ல மேயர்கள் எல்லாம் சேர்ந்து "வாக்கெடுப்பே வேணாம், இந்தியாவோட சேத்துடுங்க"ன்னு தீர்மானம் போட்டாங்க. மாச கடைசியில நெட்டப்பாக்கத்துல கொடி ஏறுச்சு, அங்கயே தற்காலிக அரசாங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஏன் நெட்டப்பாக்கம்? சுத்திலும் இந்திய நிலம், பிரெஞ்சு போலீஸ் அங்க போகணும்னா இந்திய மண்ணை மிதிச்சுதான் போகணும். செம ஐடியா.

அவர் மனசு மாறினதுக்கு தேசபக்தி காரணமா, இல்ல அந்த நேரத்துல அவர் மேல கிளம்பின பண விவகார விசாரணை காரணமான்னு இன்னிக்கும் டீக்கடையில சண்டை போடலாம். ரெண்டுமே இருக்கலாம். எப்படியோ 1963ல யூனியன் பிரதேசத்தோட முதல் முதலமைச்சர் அவர்தான், பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பேருதான். போராடி ஜெயிலுக்கு போனவங்க பேர் எத்தனை தெருவுக்கு இருக்குன்னு கேக்காதீங்க.

1954ல திடீர்னு எல்லாம் வேகமா நடந்த மாதிரி இருக்கே?

ஆமா, காரணம் பாண்டியில இல்ல, வியட்நாம்ல. 1954 மே 7ல தியென் பியென் ஃபூவுல பிரெஞ்சு ராணுவம் சரணடைஞ்சுது. அதுக்கு அடுத்த வாரமே பாரிஸ்ல இந்தியாவோட பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாங்க, இந்தியா "முதல்ல நிர்வாகத்தை குடு, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்"னு நின்னுச்சு, பிரான்ஸ் "ஜனங்களை கேக்கணும்"ங்கற பழைய பாட்டையே பாடுச்சு, ஜூன் தொடக்கத்துல பேச்சு முறிஞ்சு போச்சு. அந்த மாசமே ஏனாம்ல ரஃபேல் ரமணய்யா தடாலாங்கறவர் ஆளுங்களோட போய் ஊரை பிடிச்சுட்டார், ஜூலை 16ல மாஹேவை விட்டு பிரெஞ்சு நிர்வாகி கிளம்பிட்டார்.

அதே ஜூன்ல மாந்தெஸ் பிரான்ஸ்ங்கறவர் பிரதமரா வந்தார் (ஆமா, அவர் பேர்லயே பிரான்ஸ் இருக்கு). வியட்நாம்ல நடந்த இந்தோசீனா போரையே ஒரு மாசத்துல முடிக்கறேன்னு சபதம் போட்டு வந்த மனுஷன், ஜெனீவாவுல முடிச்சும் காட்டினார். அவருக்கு பாண்டிச்சேரி ஒரு முள்ளு, சீக்கிரம் எடுத்து போட்டுடணும், ஆனா மானம் போகாம எடுக்கணும்.

மானம் போகாமன்னா எப்படி? கீழூர்ல என்னதான் நடந்துச்சு?

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. 27வது பிரிவு "சம்மதம்"னுதானே கேக்குது, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஓட்டு வாங்குன்னு சொல்லலையே. அதனால ஜனங்க ஏற்கனவே தேர்ந்தெடுத்த ஆளுங்களை கூட்டி அவங்ககிட்ட கேட்டா போதும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்க. பாண்டி, காரைக்கால் ரெண்டு ஊரோட பிரதிநிதி சபை மெம்பருங்க, முனிசிபல் கவுன்சிலருங்க எல்லாம் சேர்த்து 178 பேர். மாஹேயும் ஏனாமும்தான் ஏற்கனவே கையை விட்டு போயாச்சே.

1954 அக்டோபர் 18. இடம் கீழூர், பாண்டி டவுன்லேர்ந்து மேற்க தள்ளி இருக்கற கிராமம். டவுன் ஹால்ல வைக்கல, கவர்னர் மாளிகையில வைக்கல. 178 பேர் ஓட்டு போட்டாங்க, 170 பேர் இந்தியாவோட சேரலாம்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. மூணு லட்சத்துக்கு மேல ஜனங்க இருந்த ஊரோட தலைவிதி முடிஞ்சுது.

மூணாவது நாள், அக்டோபர் 21ல, டெல்லியில ஒப்பந்தம். பிரான்ஸ் சார்புல தூதர் ஒஸ்த்ரோரோக், இந்தியா சார்புல வெளியுறவு செயலர் ஆர்.கே. நேரு. மூணு நாள்ல ஒரு ராஜதந்திர ஒப்பந்தம் எழுத முடியாது, அப்படின்னா காகிதம் முன்னாடியே ரெடி, கீழூர் முடிவுக்காக காத்துக்கிட்டு இருந்துச்சுன்னுதானே அர்த்தம். கல்யாணம் பேசி பத்திரிகை அடிச்ச பிறகு பொண்ணுகிட்ட "உனக்கு சம்மதமா"ன்னு கேக்கற கதைதான். பொண்ணும் சரின்னுதான் சொல்லுச்சு, அது வேற விஷயம்.

அந்த 8 பேரைப் பத்தி யாரும் பேசறதில்ல. ஊரே ஒரு பக்கம் போகும்போது, எப்படியும் தோக்கப்போறோம்னு தெரிஞ்சும் வேணாம்னு ஓட்டு போட்டுட்டு வீட்டுக்கு திரும்பி போனவங்க, எனக்கு அவங்க கட்சி பிடிக்குதோ இல்லையோ, அவங்க இருந்ததாலதான் அதை வாக்கெடுப்புன்னே சொல்ல முடியுது.

நவம்பர் 1 அன்னிக்கு?

பியர் லாந்தி பிரான்ஸ் சார்புல ஒப்படைச்சார், கேவல் சிங் இந்தியா சார்புல வாங்கிக்கிட்டார். மூவர்ணக் கொடி இறங்கி மூவர்ணக் கொடி ஏறுச்சு, ரெண்டுமே மூவர்ணம்தான், நிறம்தான் வேற. துப்பாக்கி சத்தம் இல்ல.

அப்புறம் ஏன் 1962 வரைக்கும் இழுத்துச்சு?

ஒப்பந்தம் 1956 மே 28லயே ரெடி, பிரதமர் நேருவும் ஒஸ்த்ரோரோக்கும் கையெழுத்து போட்டாச்சு. ஆனா பிரெஞ்சு பார்லிமெண்ட் ஒப்புதல் குடுக்கணும். அங்கதான் பிரான்ஸ் கையில இருந்த அல்ஜீரியா குறுக்க வந்துச்சு. பாண்டி கைமாறின அதே 1954 நவம்பர் 1லதான் அல்ஜீரியாவுல விடுதலைப் போரும் வெடிச்சுது, தேதி ஒத்துப்போனது தற்செயல்தான், ஆனா பாருங்க எப்படி பொருந்துதுன்னு. "பாண்டிச்சேரியை பத்திரம் போட்டு குடுத்தா நாளைக்கு அல்ஜீரியாவையும் கேப்பான்"னு வலதுசாரிங்க பயந்தாங்க, எந்த அரசாங்கத்துக்கும் அந்த பேப்பரை சபையில வைக்க தைரியம் வரல. 1962ல அந்த போரை நிறுத்தின எவியான் ஒப்பந்தம் வந்து ஜூலையில அல்ஜீரியாவே சுதந்திரம் ஆனப்புறம் யாருக்கு பாண்டி பெருசு? அதே ஜூலையில பார்லிமெண்ட் ஒப்புதல், ஆகஸ்ட் 16ல டெல்லியில பத்திரப் பரிமாற்றம். ஆக நம்ம ஊர் பேப்பர்ல கையெழுத்து விழறதுக்கு தியென் பியென் ஃபூவும் அல்ஜியர்ஸும் தேவைப்பட்டுச்சு.

நடுவுல அந்த எட்டு வருஷம் பாண்டி எந்த நாடு?

இந்தியா ஆண்டுச்சு, சட்டப்படி இந்தியா இல்ல. ஒரு பஸ் பெர்மிட் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. நீதிபதிங்க மத்திய அரசையே கேட்டாங்க, பாண்டிச்சேரி இந்தியாவுக்குள்ள இருக்கா இல்லையான்னு. "இல்ல"ன்னு பதில் வந்துச்சு. 1961 டிசம்பர்ல அதை வச்சே தீர்ப்பும் வந்துச்சு. பஸ் ஓட்ட லைசன்ஸ் கேட்டு போனா நீ எந்த நாட்டுலய்யா இருக்கன்னு கேட்டா எப்படி இருக்கும்!

கோவா மாதிரி ராணுவம் அனுப்பியிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்காதா?

கோவாவை வச்சிருந்த போர்ச்சுகலோட சர்வாதிகாரி சலசார் பேசவே தயாரில்ல, அதனால 1961 டிசம்பர்ல ராணுவம் போச்சு, அந்த இணைப்பை போர்ச்சுகல் 1974லதான் ஒத்துக்கிச்சு. பிரான்ஸ் முனகிக்கிட்டே பேசுச்சு. கணக்கு போட்டு பாத்தா பத்திரம் நம்ம கைக்குதான் முதல்ல வந்துச்சு.

பாண்டியில இன்னும் பிரெஞ்சு குடியுரிமை வச்சிருக்கறவங்க எப்படி?

எல்லாம் 1956 ஒப்பந்தம். 1962 ஆகஸ்ட் 16 அன்னிக்கு பிரெஞ்சு குடியுரிமையோட, பாண்டியில பொறந்து பாண்டியிலயே குடியிருந்தவங்க தானா இந்தியக் குடிமகன் ஆயிடுவாங்க, வேணாம்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதி குடுத்து பிரெஞ்சாவே இருக்கலாம். வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு பிரெஞ்சு குடியுரிமை அப்படியே தொடர்ந்துச்சு. எழுதி குடுத்தவங்க சில ஆயிரம் பேர்தான். நிறைய பேருக்கு விஷயமே சரியா போய் சேரல, சேர்ந்தவங்கள்ல பாதி பேர் "இது எதுக்கு வம்பு"ன்னு விட்டுட்டாங்க. எங்க தெருவுல அண்ணன் எழுதி குடுத்தார், தம்பி வயல்ல அறுப்பு இருக்குன்னு போகல. அண்ணன் பேரப்பசங்க பாரிஸ்ல, தம்பி பேரப்பசங்க விசா க்யூவுல. பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தல் வந்தா இன்னிக்கும் பாண்டியில ஓட்டுப்பெட்டி வைக்கறாங்க, அண்ணன் வீட்டுக்காரங்க யாராவது ஊர்ல இருந்தா போட்டுட்டு வருவாங்க.

ஒப்பந்தத்துல இப்போ என்ன மிச்சம் இருக்கு? தமிழ்நாட்டோட ஏன் சேக்கல?

2வது பிரிவு. இந்த பகுதியோட தனி நிர்வாக அந்தஸ்து தொடரும், அதை மாத்தணும்னா ஜனங்க விருப்பத்தை தெரிஞ்சுக்கிட்டுதான் மாத்தணும். 1979ல மொரார்ஜி தேசாய் பக்கத்து மாநிலங்களோட சேத்துடலாம்னு பேசினப்போ பாண்டியே பத்திக்கிச்சு, அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கல. மாஹே கேரளாவுக்குள்ள, ஏனாம் ஆந்திராவுக்குள்ள இருந்துக்கிட்டு இன்னிக்கும் பாண்டி சட்டசபைக்கு எம்எல்ஏ அனுப்பறது அதனாலதான். பிரதிநிதிங்க வேற முடிவு எடுக்கற வரைக்கும் பிரெஞ்சு ஆட்சிமொழியா இருக்கும்னுகூட அதுல எழுதியிருக்கு. நடைமுறையில கொம்யூன் பஞ்சாயத்துங்கற பேரு, போலீஸோட சிவப்பு தொப்பி, இந்த மாதிரிதான் மிச்சம்.

கீழூரை போய் பாக்கலாமா?

தாராளமா. வில்லியனூர் வந்து அங்கேர்ந்து மங்கலம் பக்கம் வழி கேளுங்க. நினைவு மண்டபம் இருக்கு, வருஷா வருஷம் ஆகஸ்ட் 16 அன்னிக்கு கொடியேத்துவாங்க, ஓட்டு நடந்தது அக்டோபர் 18லன்னாலும் விழா ஆகஸ்ட்லதான். மத்த நாள்ல போனா பெருசா யாரும் இருக்க மாட்டாங்க, சுத்தி வயல்தான். சாயங்காலமா போங்க, வெயில் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க.